அளவுக்கோடு இல்லாத பால்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வாரம் ஆகிறது. பிறக்கும்போது 2 கிலோ 900 கிராம். ஆறாவது வாரம் தடுப்பூசிக்குப் போனபோது 4 கிலோ 100. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். முதல் மாதம் மார்பு கல் மாதிரி கனத்து, பால் தானாகவே வழியும். இப்போது இரண்டு வாரமாக மெத்தென்று இருக்கிறது. சாயங்காலம் ஆனால் போதும், குடிப்பதும் அழுவதுமாகக் குழந்தை நான்கு மணி நேரம் மடியை விட்டு இறங்குவதில்லை. சந்தேகம் வந்து பம்ப் வைத்து எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து 40 மில்லிதான் வந்தது. "உனக்குப் பால் வற்றிவிட்டது, புட்டிப்பால் கொடு, குழந்தை நிம்மதியாகத் தூங்கும்" என்கிறார் என் அத்தை. என் தோழி பால் பவுடர் கொடுத்தே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். "இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறார்கள், எதற்கு இந்தப் பாடு" என்று கேட்கிறாள். இன்னும் ஆறு வாரத்தில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். தாய்ப்பாலில் அப்படி என்னதான் இருக்கிறது, டாக்டர்? இவ்வளவு சிரமப்பட்டுத் தொடரத்தான் வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. குழந்தையின் எடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு அதைக் கண்டுகொள்ளாமல் பம்ப்பில் வந்த 40 மில்லிக்குத் தாவிவிட்டீர்கள். கொஞ்சம் திரும்பி வாருங்கள். ஆறு வாரம் என்பது 42 நாள். அதற்குள் 1,200 கிராம் ஏறியிருக்கிறாள். பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் எடை கொஞ்சம் இறங்கும். நூற்றுக்கு ஏழு பங்கு வரை இறங்குவது சகஜம், பத்தை நெருங்கினால்தான் நாங்கள் கூர்ந்து பார்க்க ஆரம்பிப்போம். இறங்கியதை மீட்கவே பத்துப் பதினான்கு நாள் போய்விடும். அந்த நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்கூட உங்கள் மகள் நாளொன்றுக்குச் சுமார் 28 கிராம் ஏறியிருக்கிறாள். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் என்பதுதான் நாங்கள் எதிர்பார்ப்பது. அந்த 1,200 கிராமும் உங்கள் பால்தான். வேறு எதுவும் அவள் வாய்க்குள் போகவில்லையே!

இதைச் சொன்னதும் உங்கள் மனம் ஆறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கே ஆறவில்லை. என் மூத்த மகன் பிறந்தபோது நான் குழந்தை மருத்துவப் படிப்பை முடித்திருந்தேன். அடுத்தவர் பிள்ளைக்கெல்லாம் "பால் போதும், போய் வாருங்கள்" என்று தைரியம் சொன்னவள், என் பிள்ளை அழுதபோது குழந்தைகளுக்கான தராசு ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். பால் கொடுப்பதற்கு முன் ஒரு எடை, பின் ஒரு எடை. ஒரு முறை 30 கிராம் கூடியிருக்கும், அடுத்த முறை 90. ஒருநாள் நடுராத்திரி பால் குடித்தபின் எடை குறைந்திருந்தது. உட்கார்ந்து அழுதேன். இடையில் ஈர டயப்பரை மாற்றிவிட்டு உலர்ந்ததைப் போட்டிருந்தேன் என்பது காலையில்தான் உறைத்தது. ஐந்தாம் நாள் என் அம்மா எதுவும் பேசாமல் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

புட்டியில் கோடு போட்டிருக்கிறது. 30, 60, 90 என்று. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு மிச்சம் என்று யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். மார்பில் அந்தக் கோடு இல்லை. பால் போதவில்லை என்று என்னிடம் வருகிற அம்மாக்களில் பெரும்பாலோருக்குப் பால் போதுமானதாகவே இருக்கிறது. போதுமா என்று பார்க்க வழி தெரியாததுதான் சிக்கல். அதனால் கண்ணுக்குத் தெரிகிற எதையாவது பிடித்துக்கொள்கிறார்கள். மார்பு மெத்தென்று இருப்பது, சாயங்கால அழுகை, பம்ப்பின் அளவு. நீங்கள் மூன்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றுமே பாலை அளக்க உதவாதவை.

முதல் சில வாரங்களில் உடம்புக்குக் கணக்குத் தெரியாது. ஒரு குழந்தையா இரண்டா, எவ்வளவு குடிக்கும், எத்தனை முறை குடிக்கும் என்று தெரியாமல் தாராளமாகச் சுரக்கும். அப்போதைய வீக்கத்தில் பால் மட்டுமில்லை, கூடுதல் ரத்த ஓட்டமும் திசுக்களில் தேங்கிய நீரும் உண்டு. ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும்போது குழந்தை எடுப்பதற்கு ஏற்ப உடம்பு தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். வீக்கம் வடியும், மார்பு மெத்தென்று ஆகும், வழிவது நிற்கும். சுரப்பு அப்படியே இருக்கும். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை குழந்தை ஒரு நாளில் குடிக்கும் அளவு பெரிதாக மாறுவதே இல்லை. சராசரியாக 750 மில்லியை ஒட்டித்தான் இருக்கும். குழந்தைக்குக் குழந்தை இது கூடும், குறையும்.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். இந்த விஷயத்தில் அது பழமொழி இல்லை, உடற்கூறு. பால் தேங்கி நிற்கும் மார்பில் சுரப்பு மெதுவாகும். காலியாகிற மார்பில் வேகம் எடுக்கும். இங்கேதான் அத்தையின் யோசனையில் சிக்கல் இருக்கிறது. இன்று சாயங்காலம் ஒரு புட்டி கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். குழந்தை வயிறு நிரம்பி மூன்று மணி நேரம் தூங்குகிறது. அந்த மூன்று மணி நேரமும் பால் தேங்குகிறது. 'இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது' என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. நாளை கொஞ்சம் குறைகிறது. குறைந்ததால் நாளை மறுநாள் இரண்டு புட்டி. ஒரு மாதத்தில் பால் நிஜமாகவே வற்றிவிடும். அத்தை சொன்னது பலித்த மாதிரியும் ஆகிவிடும்.

சாயங்கால அழுகைக்கு வருவோம். பிறந்த குழந்தைகளின் அழுகை வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வரும். மூன்று நான்கு மாதத்தில் தானே தணியும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளும் இதே ஆறாவது வாரத்தில்தான் வீட்டை இரண்டாக்குவார்கள். அதோடு, மாலையில் அடுத்தடுத்துக் குடிப்பது பல குழந்தைகளின் வழக்கம். மார்பு எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வரும் பாலில் கொழுப்பு அதிகம். ஆக, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்பக் குடிக்கிற அந்த மாலைப் பால் அளவில் சிறிது, சத்தில் கெட்டி. உங்களுக்கு இடுப்பு ஒடிகிறது என்பது உண்மை. அதற்காகப் பால் இல்லை என்று ஆகிவிடாது.

பம்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை குடித்து முடித்தபின் எடுத்தீர்களா, முன்பா என்று நீங்கள் எழுதவில்லை. குடித்தபின் என்றால் அந்த 40 மில்லி வெறும் மிச்சம். மிச்சமே அவ்வளவு இருந்திருக்கிறது. முன்பு என்றாலும், பால் இறங்குவதற்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். குழந்தையின் வாசமும் அழுகுரலும் தோலின் சூடும் அதை வரவழைக்கும். 'வருமா, வராதா' என்ற பதற்றம் அதைத் தடுக்கும். நீங்கள் எந்த மனநிலையில் அந்தப் பம்ப்பை வைத்திருப்பீர்கள் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது.

சரி, அளவுக்கோடு இல்லாத மார்பில் எதைத்தான் பார்ப்பது? தாடையைப் பாருங்கள்.

இன்று அவளை மடியில் போட்டதும் முதலில் சின்னச் சின்னதாக, வேகமாகச் சப்புவாள். அது பாலைக் கூப்பிடுகிற வேலை. ஒரு நிமிடத்துக்குள் உங்களுக்கு மார்பில் ஒரு இழுப்போ குறுகுறுப்போ வரலாம். சிலருக்கு எதுவுமே தெரியாது. அப்போது அவள் சப்புவது மாறும். தாடை நன்றாகக் கீழே இறங்கும், இறங்கிய இடத்தில் ஒரு கணம் நிற்கும், அப்புறம் மேலே வரும். அந்த ஒரு கணத்தில்தான் வாய் நிரம்புகிறது. நிற்கும் நேரம் நீளமாக இருந்தால் வாய் நிறையப் பால். கூடவே மூச்சு விட்டது போல மெல்லிய ஒரு 'க்' கேட்கும். அது விழுங்கும் சத்தம். தாடையின் ஆட்டம் காதோரம் வரை தெரியும். ஆரம்பத்தில் இறுக மூடியிருந்த கை, வயிறு நிரம்ப நிரம்பத் தளர்ந்து, கடைசியில் விரல்கள் விரிந்து தொங்கும். இது உங்கள் அளவுக்கோடு. இன்னொன்று ஈரத்துணி. ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் வெளிறிய நிறத்தில் சிறுநீர் போனால் உள்ளே போதுமான அளவு போகிறது என்று அர்த்தம்.

தாடை இப்படி இறங்காமல், மணிக்கணக்கில் வெறுமனே சப்பிக்கொண்டே இருந்தால் அவள் பிடித்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். கொட்டாவி விடுவது போல வாய் அகலத் திறந்த பிறகு மார்போடு அணைக்க வேண்டும். முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் அவள் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே தெரியக்கூடாது. காம்பை மட்டும் கவ்வியிருந்தால் உங்களுக்கு வலிக்கும், அவளுக்குப் பால் வராது. விட்டதும் காம்பு ஒரு பக்கம் நசுங்கிச் சாய்வாக இருந்தால் பிடி சரியில்லை. சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி, மறுபடி கொடுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது தாய்மையின் ஒரு பகுதி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இனி, அப்படி என்னதான் இருக்கிறது என்ற கேள்வி. உங்கள் தோழிக்குச் சேர்த்தே பதில் சொல்கிறேன். அவள் பிள்ளைகள் நன்றாக இருப்பதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. பால் பவுடர் விஷமில்லை. குழந்தை வளரத் தேவையான மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், வைட்டமின் எல்லாம் அதில் கணக்காகச் சேர்க்கப்பட்டிருக்கும். தாய்ப்பால் கொடுக்க முடியாத இடத்தில் அது உயிர் காக்கும். அதைக் கொடுத்த அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வித்தியாசம் எங்கே என்றால், தாய்ப்பால் உணவு மட்டும் இல்லை. அதில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர். அதனால்தான் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீரே வேண்டாம் என்கிறோம், எவ்வளவு வெயிலாக இருந்தாலும். மிச்சமுள்ள திடப்பொருளில் முதலிடம் பால் சர்க்கரைக்கு, இரண்டாமிடம் கொழுப்புக்கு. மூன்றாமிடம் எதற்கு என்பதுதான் வேடிக்கை. குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலிகள் அவை. ஏறத்தாழ 200 வகை கண்டுபிடித்திருக்கிறார்கள். தன் உடம்பிலிருந்து இத்தனை சக்தியைச் செலவழித்துத் தாய் ஏன் குழந்தைக்குச் செரிக்காத ஒன்றைத் தயாரிக்க வேண்டும்? அது குழந்தைக்கான சாப்பாடு இல்லை. குழந்தையின் குடலில் குடியேற வேண்டிய பிஃபிடோ வகை நல்ல பாக்டீரியாக்களுக்கான சாப்பாடு. அவை பெருகினால் கெட்ட கிருமிகளுக்கு இடம் குறையும். தவிர, குடல் சுவரில் ஒட்டிக்கொள்ள வருகிற சில கிருமிகள் சுவர் என்று நினைத்து இந்தச் சர்க்கரையிலேயே ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். இப்போது சில பால் பவுடர்களிலும் இந்தச் சர்க்கரையில் ஓரிரு வகைகளைச் சேர்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஓரிரு வகை எங்கே, இருநூறு எங்கே!

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று. வீட்டில் யாருக்கோ வயிற்றுப்போக்கு என்று வையுங்கள். அந்தக் கிருமி உங்கள் வயிற்றுக்குள்ளும் போகிறது. உங்கள் குடலில் காவல் இருக்கும் வெள்ளணுக்கள் அதை அடையாளம் கண்டு, சில மார்புக்குப் பயணம் செய்து, அந்தக் குறிப்பிட்ட கிருமிக்கான எதிர்ப்புப் பொருளை அங்கே தயாரிக்க ஆரம்பிக்கின்றன. அது பாலில் கலந்து குழந்தையின் வாய், தொண்டை, குடல் சுவர் முழுக்கப் பூச்சு மாதிரிப் படிகிறது. பிறந்ததும் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலில் இது ஏராளம்; அப்புறமும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். உங்கள் வீட்டுக் கிருமிக்கு உங்கள் வீட்டிலேயே தயாராகும் மருந்து. தொழிற்சாலையில் இதைச் செய்ய வழியில்லை, ஏனென்றால் உங்கள் வீட்டில் இந்த வாரம் யாருக்கு என்ன என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குச் சளி, காய்ச்சல் வந்தாலும் பாலை நிறுத்தாதீர்கள் என்று நாங்கள் கத்துவது இதனால்தான்.

பலன் எவ்வளவு என்று கேட்டால், 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் முறையாகத் தாய்ப்பால் கிடைத்தால் ஐந்து வயதுக்குட்பட்ட 8,23,000 குழந்தைகளின் மரணத்தை ஒவ்வோர் ஆண்டும் தடுக்கலாம் என்று அது கணக்கிட்டது. இதில் மிகப் பெரும்பங்கு ஏழை நாடுகளில். சுத்தமான தண்ணீரும் பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் உள்ள வீட்டில் வித்தியாசம் உயிர் அளவுக்குப் பெரும்பாலும் போகாது. வயிற்றுப்போக்கு, காதுச் சீழ், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு வரும் நெஞ்சுச்சளி இவை குறையும். தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் குழந்தை மரணங்கள், இரண்டு மாதமாவது தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் ஏறத்தாழ பாதியாகக் குறைவு. இன்னும் இரண்டு வாரத்தில் நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்துத் தூங்கவைப்பதையும் கூடவே விடாதீர்கள்.

புத்திக்கூர்மை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கை இறுக்கம். தாய்ப்பால் கொடுக்க வசதியும் நேரமும் உள்ள வீட்டில் படிப்பு, பணம் என்று மற்றவையும் கூடவே இருக்கும். எது எதனால் என்று பிரிப்பது கஷ்டம். அதைப் பிரிக்க பெலாரஸ் நாட்டில் 1996-ல் 17,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 'நீ கொடு, நீ கொடுக்காதே' என்று யாரிடமும் சொல்ல முடியாதல்லவா? அதனால் சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் தாய்ப்பாலுக்கு நல்ல ஊக்கமும் உதவியும் கொடுத்துவிட்டு, மற்ற ஆஸ்பத்திரிகளோடு ஒப்பிட்டார்கள். உதவி கிடைத்த பக்கம் முதல் ஆண்டில் வயிற்றுத் தொற்றும் தோல் கரப்பானும் தெளிவாகக் குறைந்தன. உடல் பருமன் குறையவில்லை. ஆறரை வயதில் அறிவுத்திறன் மதிப்பெண் கூடுதலாக இருந்தது. பதினாறு வயதில் பார்த்தபோது அது பெரும்பாலும் கரைந்து, மொழித்திறனில் மட்டும் சிறிதளவு மிஞ்சியிருந்தது. ஆகவே பால் கொடுத்தால் பிள்ளை மேதையாவாள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் பேசுவதில்லை. பால் இறங்கவைக்கும் அதே ஆக்சிடோசின்தான் பிரசவம் முடிந்ததும் கருப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துகிறது. முதல் நாட்களில் பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்திருக்குமே, அதுதான். பிறகு மார்பகப் புற்றுநோய். 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002-ல் பார்த்தபோது, ஒரு பெண் தன் வாழ்நாளில் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அந்த அபாயம் 4.3 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த மாதங்களைக் கூட்டிப் போடும் கணக்கு இது. சினைப்பைப் புற்றுநோயும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும்கூடக் குறைகின்றன. உடம்பு இளைக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். சிலருக்கு இளைக்கும், சிலருக்கு அந்தப் பசியே கூடுதல் எடை போடவைக்கும். இப்போது பட்டினி கிடக்கிற நேரமும் இல்லை, நாளுக்கு 500 கலோரி வரை கூடுதலாகத் தேவைப்படும். மாதவிலக்கு திரும்பாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்கும் வரை மறுபடி கருத்தரிப்பது அரிது. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வேலைக்குப் போய் இடைவெளி நீள ஆரம்பித்ததும் இதை நம்பி இருக்காதீர்கள்.

தாய்ப்பாலிலும் குறை உண்டு. வைட்டமின் டி அதில் மிகக் கொஞ்சம். தினமும் 400 யூனிட் சொட்டு மருந்தாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறீர்களா என்று உங்கள் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். இரும்புச்சத்தும் குறைவு. பிறக்கும்போது கொண்டுவந்த இருப்பு ஆறு மாதம் தாங்கும், அதன் பிறகு திட உணவு அவசியம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையிலோ அதற்கு மேலோ என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

இப்போது உங்கள் வேலை. குழந்தைக்குப் பத்து வாரம் ஆகும் வரை பம்ப்பை எடுத்து உள்ளே வையுங்கள். அப்புறம் தினமும் காலையில், அவள் முதல் பால் குடித்து முடித்ததும் ஒரே ஒரு முறை எடுங்கள். 30 மில்லி வந்தாலும் சேமிப்புதான். ஒரு நாள் 750 என்றால் மணிக்கு ஏறத்தாழ 30 மில்லி ஆகிறது. நீங்கள் ஒன்பது மணி நேரம் வெளியே இருந்தால் 270, 300 மில்லி வீட்டில் இருந்தால் போதும். சிலர் பயமுறுத்துவது போல லிட்டர் கணக்கில் தேவையில்லை. எடுத்த பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள், உறைநிலைப் பகுதியில் 6 மாதம் தாங்கும். கொழுப்பு மேலே ஏடு மாதிரி பிரிந்து நிற்கும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஓர் இடம் மட்டும் கொதித்து வாயைச் சுட்டுவிடும். வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க முடிந்தால் நல்லது. சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம் என்பதால், வீடு திரும்பியபின் மாலையும் இரவும் நேரடியாகக் கொடுப்பதை விடாதீர்கள். அது உங்கள் தூக்கத்தைத் தின்னும், மறைக்க மாட்டேன்.

அப்படியும் ஒருநாள் குறைந்தால்? குறைந்த அளவுக்கு மட்டும் பால் பவுடர் கொடுங்கள். முழுக்கத் தாய்ப்பால், இல்லையென்றால் முழுக்கப் பவுடர் என்று யாரும் சட்டம் போடவில்லை. பாதி கொடுத்தாலும் அந்தப் பாதிக்கான பலன் உண்டு. கரைக்கும்போது கொதித்து ஆறத் தொடங்கிய தண்ணீர், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். பவுடரில் கிருமி இருந்தால் அந்தச் சூட்டில்தான் சாகும். கரைத்ததை நன்றாக ஆறவைத்துக் கொடுங்கள். டப்பாவில் போட்ட அளவைவிட நீர்க்கக் கரைக்காதீர்கள்.

நிஜமாகவே பால் குறைவாகச் சுரக்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். தைராய்டு கோளாறு, முன்பு மார்பில் செய்த அறுவை சிகிச்சை, பிரசவத்தில் நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிப்போவது, பால் சுரப்பித் திசு போதுமான அளவு வளராமல் இருப்பது என்று காரணங்கள் உண்டு. அது எடையில் தெரிந்துவிடும். உங்களிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் மார்பில் ஒரு பக்கம் சிவந்து, சுட்டு, காய்ச்சல் வந்தால் வழக்கம்போலப் பால் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டியை அழுத்திப் பிசைந்தால் வீக்கம்தான் கூடும். குழந்தைக்கு மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனாலோ, எழுப்பியும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். உங்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை என்று தொடர்ந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு.

அத்தையோடு சண்டை வேண்டாம். குழந்தை அழுவதை அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சாயங்காலம் ஒவ்வொரு முறை குடித்து முடித்ததும் குழந்தையை அவர் தோளில் போட்டு, ஏப்பம் வரும் வரை நடக்கட்டும். உங்களுக்கு இருபது நிமிடம் முதுகு சாய்க்கக் கிடைக்கும். பத்தாவது வாரம் குழந்தையை மறுபடி எடை போடுங்கள். 4 கிலோ 650-க்குக் குறையாமல் இருந்தால் எடை அட்டையை அத்தை கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் எனக்குக் கடிதம் எழுதி நாளைக் கடத்தாமல், அட்டையோடு நேரே உங்கள் குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.